பெரிய பண்ணையும் ஒன்றே முக்கால் ஏக்கரும்

எங்கள் இளம்பிள்ளையில் சேவல் கூவுவதற்கு முன்பே தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். வெளியூர்க்காரர்கள் இதைப் புடவை ஊர் என்றுதான் அறிவார்கள். ஆனால் நெசவுத் தெருக்களைத் தாண்டிக் கஞ்சமலைப் பக்கமாக நடந்தால் ஊரின் இன்னொரு முகம் தெரியும். அங்கே காடு இருக்கிறது. புன்செய் நிலத்தைத்தான் எங்கள் பக்கத்தில் காடு என்கிறோம். சோளம், நிலக்கடலை, குச்சிக்கிழங்கு, இப்போது சில வருஷங்களாக மக்காச்சோளம். நாமக்கல் கோழிகளுக்கு எவ்வளவு மக்காச்சோளம் போட்டாலும் போதுவதில்லை.

எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவருக்கு அந்தக் காட்டிலே ஒன்றே முக்கால் ஏக்கர் இருக்கிறது. போன மாதம் ஒரு காலை நேரத்தில் அவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். கையில் அச்சடித்த காகிதம் ஒன்று. அக்கம்பக்கத்துக் காடுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் குத்தகைக்கு எடுத்து, வரப்புகளை அகற்றிவிட்டு, யந்திரம் வைத்து மக்காச்சோளம் போட ஒரு கம்பெனி விரும்புகிறதாம். பெரியப்பாவின் பையன்கள் இரண்டு பேரும் விசைத்தறிக்குப் போய்விட்டார்கள். களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. அவருக்கும் எழுபது தாண்டிவிட்டது.

“ஏங்கண்ணு, கம்பெனிக்காரன் வெள்ளாமை பண்ணி எங்கியாச்சும் நல்லா வந்திருக்குதா? நீ நாலு பொஸ்தகம் பாக்கறவன். பாத்துச் சொல்லு” என்றார்.

கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? “விசாரிச்சுச் சொல்றனுங்க பெரியப்பா” என்று அனுப்பிவிட்டேன். விசாரிக்கப் போன இடத்தில் சீனா வரைக்கும் போய்வர நேர்ந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கம்பெனி என்ற வார்த்தை சேலத்துக்குப் புதியதல்ல. 1792ஆம் வருஷம் திப்பு சுல்தானோடு நடந்த யுத்தம் முடிந்து, ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. நிர்வாகத்துக்கு வந்தவர் அலெக்ஸாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரி. அவருக்கு உதவியாக இருந்தவர்களில் ஒருவர் பிற்பாடு சென்னைக் கவர்னரான தாமஸ் மன்றோ. இவர்கள் வயல் வயலாக நிலத்தை அளந்தார்கள். நடுவில் ஜமீன்தார் இல்லாமல் பயிரிடுகிறவனிடமே நேராகத் தீர்வை வாங்கிப் பார்த்தார்கள். ரயத்துவாரி என்று பின்னால் பெயர் பெற்ற முறைக்குத் தொட்டில் கட்டிய இடம் இந்தச் சீமைதான்.

ஆயிரக்கணக்கான குடியானவர்களிடம் தனித்தனியாகக் கணக்கு வைப்பது தொந்தரவான வேலை. ஆகவே 1802 முதல் கம்பெனியார் வேறு வழி பார்த்தார்கள். நிலத்தை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். எடுத்தவர் மிட்டாதார். அவர் மொத்தமாகப் பணம் கட்டிவிட வேண்டும்; குடிகளிடம் வசூல் செய்துகொள்வது அவர் பாடு. வந்தது என்ன? மிட்டாதார்களில் பலர் கிஸ்தி கட்ட முடியாமல் நொடித்துப் போக, மிட்டாக்கள் பல திரும்பவும் சர்க்காரிடமே வந்து சேர்ந்தன. 1820இல் மன்றோ கவர்னராக வந்த பிறகு ரயத்துவாரி ராஜதானி முழுவதும் நிலைபெற்றது. இது வரி வசூல் பற்றிய வழக்கே தவிர, உழவு பற்றியதல்ல. ஆனாலும், நிலம் பெரிய கையில் இருக்க வேண்டுமா, சின்னக் கையில் இருக்க வேண்டுமா என்ற கேள்வியை இந்த மண் 200 வருஷத்துக்கு முன்பே கேட்டுவிட்டது.

இனி உழவுக்கு வருவோம்.

1954ஆம் வருஷம் அக்டோபர் மாதம், மக்கள் சீனத்தின் ஐந்தாவது ஆண்டு விழாவுக்காக ருஷ்யத் தலைவர் குருஷேவ் பீகிங் போயிருந்தார். கஜகஸ்தானத்துப் புல்வெளிகளை உழுது கோதுமை போடுகிற பெரிய முயற்சியை அதே வருஷம்தான் அவர் தம் நாட்டில் தொடங்கியிருந்தார். அந்த உற்சாகம் தணியாமல் இருந்த சமயம். 20,000 ஹெக்டேர் விதைக்கக்கூடிய ஒரு தானியப் பண்ணைக்கு வேண்டிய யந்திரங்களைச் சீனாவுக்கு நன்கொடையாகக் கொடுத்தார். நம் கணக்கில் சுமார் 50,000 ஏக்கர். சீனாவின் வடகிழக்கு மூலையில் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் அந்தப் பண்ணை அமைந்தது. அதற்கு ‘யோயி’ என்று பெயர். நட்பு என்று பொருள்.

அடுத்த வருஷம், 1955 கடைசியில், குருஷேவும் புல்கானினும் இந்தியாவுக்கு வந்தார்கள். நமக்கும் அதே மாதிரி ஒரு பரிசு கிடைத்தது. ராஜஸ்தானத்தில் கங்காநகர் ஜில்லாவைச் சேர்ந்த சூரத்கட் என்ற இடத்தில், பாலைவனத்தின் ஓரத்தில், சுமார் 30,000 ஏக்கர் விஸ்தீரணத்தில் மத்திய சர்க்காரின் யந்திரப் பண்ணை எழுந்தது. 1956 ஆகஸ்ட் 15 அதன் பிறந்த நாள்.

ஒரே கை கொடுத்த இரண்டு பரிசுகள். இரண்டு பிள்ளைகளும் எப்படி வளர்ந்தார்கள் என்று பார்த்தால் பெரியப்பாவின் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

சூரத்கட் வழியாக கக்கர் என்று ஒரு நதி போகிறது. நதி என்று சொல்வது மரியாதைக்குத்தான். பெரும்பாலான நாள் மணல். ஆனால் வடக்கே மலையடிவாரத்தில் கனமழை கொட்டினால் நினைத்துக்கொண்டு வந்துவிடும். அப்படி வந்த வெள்ளங்கள் பண்ணைப் பயிரைப் பலமுறை அடித்துப் போயின. பண்ணை மடிந்துவிடவில்லை. நல்ல விதை பெருக்கிக் கொடுப்பதையே அது தன் முக்கியத் தொழிலாக்கிக் கொண்டது. 1964இல் அதே பக்கத்தில் ஜெட்சர் பண்ணை வந்தது. 1969இல் இந்த மாதிரிப் பண்ணைகளையெல்லாம் கவனிக்க இந்திய அரசுப் பண்ணைகள் கார்ப்பொரேஷன் என்று ஒரு கம்பெனியே ஏற்பட்டது. 2014இல் அந்தக் கம்பெனி தேசிய விதைக் கார்ப்பொரேஷனோடு இணைக்கப்பட்டுவிட்டது. நமக்குப் பக்கத்தில், கேரளத்தின் கண்ணூர் ஜில்லாவில், 1971இல் ஏற்பட்ட ஆறளம் பண்ணையை 2004இல் மாநில சர்க்கார் விலைக்கு வாங்கி, அதில் பாதியை நிலமற்ற ஆதிவாசிகளுக்குப் பங்கிட எடுத்தது. இந்தியாவின் பெரிய பண்ணைக் கதை இவ்வளவுதான். அது விதைப் பண்ணையாகச் சுருங்கியது, அல்லது திரும்பவும் துண்டுகளாகப் பிரிந்தது.

இது தற்செயல் இல்லை. இங்கே அதற்காக ஒரு பெரிய வாதமே நடந்தது. 1956இல் நம் சர்க்கார் இரண்டு குழுக்களைச் சீனாவுக்கு அனுப்பியது. ஒரு குழு விவசாயத் திட்டங்களையும், ஆர். கே. பாட்டீல் தலைமையில் போன இன்னொரு குழு கூட்டுறவுப் பண்ணைகளையும் பார்த்து வந்தன. அங்கே நிலங்கள் ஒன்று சேர்ந்து விளைச்சல் பெருகுகிறது என்ற எண்ணம் டில்லியில் வலுத்தது. 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுப் பண்ணைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. நேருவின் முன்னிலையிலேயே அதை எதிர்த்துப் பேசினார் சரண்சிங். அதே வருஷம் ஜூன் மாதம் சென்னையில் சுதந்திராக் கட்சி பிறந்தது. அதற்கு மூலபுருஷர் ராஜாஜி. சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, சேலம் நகரசபைத் தலைவராகவும் இருந்தவர். குடியானவனின் நிலம் குடியானவனிடமே இருக்க வேண்டும் என்ற வாதத்தில் இந்த இரண்டு பேரும் ஒன்றுபட்டார்கள். வாதத்தில் நேருவின் பக்கம் தோற்றது என்று சொல்லிவிட முடியாது. தீர்மானம் நிறைவேறியது, ஆனால் காரியம் நடக்கவில்லை. நம் ராஜ்யத்தில் 1961இல் வந்த நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு வைத்தது. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது.

சீனாவில் நடந்தது வேறு.

யோயி பண்ணை இருக்கும் பிரதேசத்துக்குப் ‘பெய்தாஹுவாங்’ என்று பெயர். வடக்கின் பெரும் பாழ் என்று சொல்லலாம். அமூர், சுங்காரி, உசூரி ஆகிய மூன்று நதிகளும் சேருகிற சமவெளி. கறுப்பு மண், சதுப்பு, நாணல், கொக்கு. வருஷத்தில் பாதி நாள் பனி உறைந்து கிடக்கும். மீதி நாட்களுக்குள் உழுது, விதைத்து, அறுத்துவிட வேண்டும். 1947 முதலே அங்கே சர்க்கார் பண்ணைகள் தோன்றின. 1958இல் படையிலிருந்து விடுபட்ட சுமார் ஒரு லட்சம் சிப்பாய்களை அங்கே அனுப்பினார்கள். அவர்களைத் திரட்டிக் கொண்டுபோனவர் வாங் ஜென் என்ற தளபதி. 1968க்குப் பிறகு நகரங்களில் படித்த வாலிபர்களும் பெண்களும் 5 லட்சம் பேர் வரை வந்தார்கள். பலர் விரும்பி வந்தார்கள். பலர் விரும்பினதாகச் சொல்லும்படி நேர்ந்தது.

விரும்பாமல் வந்தவர்களில் ஒருவரைப் பற்றிப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். டிங் லிங் என்ற நாவலாசிரியை. 1948இல் அவர் எழுதிய நாவல் சாங்கன் நதிக்கரையிலுள்ள ஒரு கிராமத்தின் கதை. மிராசுதாரின் நிலத்தை ஏழைக் குடியானவர்கள் பங்கிட்டுக் கொள்வதுதான் அதன் விஷயம். அதற்கு ஸ்டாலின் பரிசு கூடக் கிடைத்தது. 1957இல் அவரை வலதுசாரி என்று முத்திரை குத்திக் கட்சியை விட்டு வெளியேற்றினார்கள். அடுத்த வருஷம், ஐம்பத்து நான்காவது வயதில், பெய்தாஹுவாங்குக்கு வந்து சேர்ந்தார். பண்ணையில் கோழி வளர்க்கிற வேலை. அங்கே பன்னிரண்டு வருஷம். அதன் பிறகு ஐந்து வருஷம் சிறை. நிலம் பங்கிடப்பட்ட கதையை எழுதினவர், யாருக்கும் பங்கில்லாத நிலத்தில் கோழிக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்த பிறகு 1979இல் அவர் வெளியிட்ட கதையின் நாயகியும் அந்தப் பண்ணையில் உழைத்த ஒரு பெண்தான். இடத்தை வெறுக்கவில்லை போலும். எழுதுகிறவர்களின் சுபாவம் அது.

பண்ணைகளுக்கு வெளியே கிராமங்களில் நடந்ததைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. நிலத்தையும் அடுப்பையும் பொதுவாக்கிய கம்யூன்கள் 1958இல் வந்தன. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில், 1961 வரைக்கும், இறந்தவர்கள் ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை என்று பல கணக்குகள் இருக்கின்றன. மிகக் குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் மனசு தாங்காது. விளைந்ததைவிட அதிகமாக விளைந்ததென்று அதிகாரிகள் எழுதி அனுப்பினார்கள். எழுதின கணக்குப்படி தானியத்தைக் கொண்டு போனார்கள். நம் குழுவினர் கண்டுவந்த சீனத்துக்கும் இதற்கும் இடையே மூன்று வருஷம்கூட இல்லை.

1978இல் அன்ஹுய் மாகாணத்தில் சியாகாங் என்ற குக்கிராமத்தில் பதினெட்டுக் குடியானவர்கள் இரவில் கூடி ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்தார்கள். பொது நிலத்தைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வது. சர்க்கார் பங்கைக் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்வது. வெளியே தெரிந்தால் ஜெயில். ஆனால் காலம் மாறியிருந்தது. சில வருஷங்களுக்குள் நாடு முழுவதும் அதே ஏற்பாடு சட்டமாகிவிட்டது. 1978இல் சுமார் 30 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சல் 1984இல் 40 கோடி டன்னைத் தாண்டியது. உரமும் விதையும் கொள்முதல் விலை உயர்வும் அதில் பங்கு பெற்றவைதாம். என்றாலும் வரப்புப் போட்டதற்கும் பங்கு உண்டு.

பெரிய பண்ணை என்ன ஆயிற்று? எனக்கு ஆச்சரியம் கொடுத்த இடம் இதுதான். சர்க்கார் பண்ணைகள் பல வருஷம் நஷ்டத்தில் ஓடியவை. 1978இல் யோயியில் அமெரிக்க யந்திரங்களைக்கூட இறக்கிப் பார்த்தார்கள். 1980களில் அங்கேயும் நிலத்தைக் குடும்பங்களுக்குக் குத்தகையாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்! ஆனால் பண்ணையைக் கலைக்கவில்லை. விதை, யந்திரம், நீர்ப்பாசனம், தானியத்தை உலர்த்துவது, சேமிப்பது, அரைப்பது, விற்பது இவ்வளவையும் தன் கையில் வைத்துக்கொண்டது. 1998இல் அது ஒரு பெருங்கம்பெனிக் குழுமமாயிற்று. அதன் துணைக் கம்பெனி ஒன்றின் பங்குகள் 2002 முதல் ஷாங்காய் மார்க்கெட்டில் விற்கின்றன. இன்று அதன் கீழுள்ள சாகுபடி நிலம் சுமார் 30 லட்சம் ஹெக்டேர். நம் தமிழ்நாட்டு நிகர சாகுபடிப் பரப்பில் பாதிக்கு மேல். வருஷத்துக்கு 2 கோடி டன்னுக்கும் அதிகமாகத் தானியம் வருகிறது.

இவ்வளவு பெரிய கம்பெனி சீனாவின் தானியத்தில் எத்தனை பங்கு கொடுக்கிறது தெரியுமா? நூற்றுக்கு மூன்று. சிறு குடியானவர்களும், அவர்களிடம் குத்தகை பிடித்துச் சற்றுப் பெரிதாகப் பயிர் செய்பவர்களும்தான் மீதியில் பெரும்பகுதியை விளைவிக்கிறார்கள். அதற்காக அந்த மூன்றை அற்பம் என்று தள்ளவும் கூடாது. கிராமத்துக் குடியானவன் தன் வீட்டுக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்கிறான். பெரிய பண்ணை ஏறக்குறைய முழுவதையும் விற்கிறது. பட்டணங்களுக்குத் தவறாமல் போகிற மூட்டை அது. சர்க்கார் ராத்திரி நிம்மதியாகத் தூங்குவதற்கு அந்த மூட்டை வேண்டும். இதற்குக் கொடுத்த விலையில் மனிதர்களைப் போலவே கொக்குகளும் சேர்த்தி. சதுப்பு நிலத்தில் பெரும்பகுதி வயலாகிப் போனபின், 1990களின் இறுதியில்தான் புதிதாகச் சதுப்பை உடைப்பது நிறுத்தப்பட்டது. பாழ் என்று பெயரிட்ட இடத்தில் ஹெஜென் என்ற மீன்பிடிக்கும் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தவர்கள். யாருக்குப் பாழ் என்று அவர்களைக் கேட்டவர்கள் இல்லை.

ஏன் பெரிய பண்ணையே கடைசியில் நிலத்தைக் குடும்பங்களிடம் விட்டது? தறி ஊரில் பிறந்தவனுக்கு இது விளங்குவது சுலபம். இளம்பிள்ளையில் கூலி நெசவு எப்படி நடக்கிறது? பாவும் நூலும் முதலாளி கொடுப்பார். புடவையை விற்பதும் அவர். நடுவிலே நெய்கிற வேலை நெசவாளி வீட்டில் நடக்கும். இழை அறுந்தால் கண் பார்க்க வேண்டும், கை முடிச்சுப் போட வேண்டும். அதைத் தன் தறி, தன் கூலி என்று இருக்கிறவன்தான் செய்வான். விவசாயம் இன்னும் ஒரு படி மேலே. நெசவில் குற்றம் அன்றைக்கே தெரிந்துவிடும். மேலாக உழுத உழவும் பருவம் தப்பிய களையும் அறுப்பின்போதுதான் தெரியும். அதற்குள் மேஸ்திரி மாறிப் போயிருப்பார். மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிற வேலைக்கு மாதச் சம்பளத்தில் ஆள் வைக்க முடியாது. ஆகவே பெரிய கை உழவுக்கு முன்னும் பின்னும் பலமாக இருக்கிறது. நடுவிலே சின்னக் கை வேண்டியிருக்கிறது. நாமும் நம் வழியில் இங்கேதான் வந்து சேர்ந்தோம். பெரிய கையை நாம் வயலில் வைக்கவில்லை, களஞ்சியத்தில் வைத்தோம். சி. சுப்பிரமணியம் உணவு மந்திரியாக இருந்தபோது, 1965 ஜனவரி 14, பொங்கல் நாளில், இந்திய உணவுக் கார்ப்பொரேஷன் தன் முதல் ஜில்லா அலுவலகத்தைத் தஞ்சாவூரில்தான் திறந்தது.

ஆனால் கூலி நெசவின் இன்னொரு பக்கமும் எனக்குத் தெரியும். பாவு கொடுப்பவர் கூலியைச் சொல்கிறார், நெய்கிறவன் கேட்டுக்கொள்கிறான். வியாபாரம் மந்தமானால் பாவு வராது. தறி சும்மா நிற்கும். ஒரே ஒரு ஆறுதல், தறி அவனுடையது. பெய்தாஹுவாங் குடியானவனுக்கு அதுவும் இல்லை. நிலம் சர்க்காருடையது, அவனுடையது குத்தகை மட்டும்.

இத்தனையையும் மனசில் போட்டுக்கொண்டு பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். குச்சிக்கிழங்குக் காட்டின் ஓரத்தில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சீனாவையும் ராஜஸ்தானத்தையும் முடிந்தவரை சுருக்கிச் சொன்னேன். கோழி வளர்த்த நாவலாசிரியையைப் பற்றிச் சொன்னபோது மட்டும், “பாவம், படிச்ச பொம்பளை” என்றார்.

“செரி, முடிவா என்னங்கறே? காட்டைக் குடுக்கலாமா, வேண்டாமா?”

“கொடுக்கறதானாலும் வருஷக் கெடு வெச்சுக் கொடுங்க. பயிருக்கு வெலை யாரு சொல்றது, மழை இல்லாத வருஷம் நட்டம் யாருதுன்னு காகிதத்துல எழுதி வாங்குங்க. வரப்பை எடுக்கட்டும், பரவாயில்லை; அளவுக் கல்லைப் புடுங்க உட்றாதீங்க. இல்லாட்டிப் பக்கத்துக் காட்டுக்காரங்க பத்துப் பேரு நீங்களே சேர்ந்து யந்திரத்தை வாடகைக்கு எடுத்தாலும் ஆச்சு.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. தமிழ்நாட்டில் சராசரியாக ஒருவர் கையிலுள்ள நிலம் 2015-16ஆம் வருஷக் கணக்கில் முக்கால் ஹெக்டேர். ஏறக்குறைய அவருடைய காட்டளவுதான். அவர் கேட்டது லட்சக்கணக்கான பேர் கேட்கிற கேள்வி. என் பதில் அவர்களில் எத்தனை பேருக்கு ஒத்துவரும்?

“பத்துப் பேரு சேரோணுமே” என்றார் கடைசியில். “எங்கூட்டுப் பசங்க ரண்டு பேரே சேர மாட்டேங்கறாங்க.”

அதற்கு நான் படித்த புத்தகங்களில் பதில் இல்லை. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார். எல்லையில் இருந்த அளவுக் கல்லைச் சுற்றிப் புல் மண்டிக் கிடந்தது. முதலில் அதைச் செதுக்க ஆரம்பித்தார்.